தண்ணீர் குடிக்காமல் ஜெயித்த கதை

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் இவளும் சௌக்கியம். வீடும் சௌக்கியம், குளியலறைக் குழாய் நீங்கலாக. அங்கே நீயும் மாமாவும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் முழங்காலைப் பற்றித் தனியாக விசாரிக்கிறேன். மொத்தமாக விசாரித்தால் நீ அதை மட்டும் விட்டுவிட்டுப் பதில் சொல்கிறாய்.

போனில் சொல்லாமல் கடிதம் எழுதக் காரணம் உண்டு. உன் சலவைக் கடைக்குப் போன் செய்தால் முதலில் நீராவி இஸ்திரிப் பெட்டிதான் பேசுகிறது. அப்புறம் நீ "ம்" என்கிறாய். அப்புறம் யாரோ ஒருவர் "என் நீலச் சட்டை என்னாச்சு" என்கிறார். இந்த விஷயத்தை நீலச் சட்டைக்கு நடுவில் சொல்ல முடியாது. நாங்கள் ஜெயித்திருக்கிறோம் அக்கா. நம் குடும்பத்தில் முதல்முறையாக.

முதலிலிருந்து சொல்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னது உனக்கு ஞாபகம் இருக்காது. எனக்கு இருக்கிறது. இஸ்திரிப் பெட்டி அன்று அணைந்திருந்தது. "எங்கயாவது போய் ஒரு வாரம் படுத்துத் தூங்கணும்டா. வேற யாரோ இஸ்திரி போட்ட விரிப்புல." அவ்வளவுதான். உடனே மாமாவின் மாத்திரையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாய். நீ யாரிடமும் எதையும் கேட்டவள் இல்லை. நான் விடுதியில் தங்கிப் படித்த காலத்தில் பணம் அனுப்பிவிட்டு, சட்டையை ஒழுங்காக மடிக்கிறாயா என்று மட்டும் கேட்பாய். எனக்குத் தெரிந்து நீ கடையைப் பூட்டியது என் கல்யாணத்துக்குத்தான். அன்றைக்கும் சாப்பாட்டு மேஜையின் விரிப்பை விரலால் தடவிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாய். மேடையிலிருந்து பார்த்தேன்.

போனை வைத்துவிட்டு இவளிடம் சொன்னேன்.  "அண்ணிக்கு ஒரு வாரம் வாங்கிக் குடுக்கணும்" என்றாள்.

ஒரு வாரம். ஏதோ கடையில் விற்கிற பொருளைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

விற்கிறார்கள் அக்கா.

மளிகை வாங்கப் போகிற பெரிய கடையின் வாசலில் ஒரு கண்ணாடிப் பெட்டி வைத்திருந்தார்கள். பெயரும் போன் நம்பரும் எழுதிப் போட்டால் அதிர்ஷ்டசாலிகளைத் தேர்ந்தெடுப்பார்களாம். இவள் போட்டாள். மறுநாளே நாங்கள் அதிர்ஷ்டசாலிகள் ஆகிவிட்டோம். பிற்பாடு தெரிந்தது, பெட்டியில் போட்ட எல்லோருமே அதிர்ஷ்டசாலிகள்தான். போனில் ஒரு பெண் குரல். தம்பதியாக வரவேண்டும், ஒன்றரை மணி நேரம் ஒரு விடுமுறைத் திட்டத்தைப் பற்றிக் கேட்கவேண்டும், வாங்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை, கேட்டு முடித்தாலே கடற்கரை விடுதியில் இருவர் மூன்று இரவு தங்கப் பரிசுச் சீட்டு. நாங்கள் போட்ட கணக்கு எளிமையானது. போவோம். கேட்போம். வேண்டாம் என்போம். சீட்டை வாங்கி உனக்கு அனுப்புவோம். மூன்று இரவை எப்படியாவது இழுத்து ஒரு வாரமாக்கிக்கொள்ளலாம்.

இதில் கஷ்டமான பகுதி மூன்றாவது, வேண்டாம் என்பது.

நம் குடும்பத்தைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன், வெற்றியின் அளவு அப்போதுதான் விளங்கும். ஒருவர் கையால் ஒரு வாய் வாங்கிக் குடித்துவிட்டால், அதற்குப் பிறகு அவர் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்ல நம்மில் யாருக்கும் நாக்கு வராது. அப்பா பல் டாக்டரிடம் காப்பி குடித்துவிட்டு வலிக்காத பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தவர். "காப்பி குடுத்துட்டு ஆசையா கேக்கறார், எப்படி மறுக்கறது" என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சொன்னாரே. அம்மா வெயிலுக்கு ஒரு தையல் மிஷின் கடையில் ஒதுங்கி ஒரு சோடா குடித்தாள். அந்த மிஷின் இன்னும் உன் கடை மூலையில்தான் நிற்கிறது, ஊசி கோக்கப்படாமல். நான் போன வருஷம் ஒரு கார் கடையில் பழச்சாறு குடித்துத் தொலைத்தேன். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது என்பதால் காருக்குப் போர்த்துகிற உறையோடு தப்பித்தேன். கார் கிடையாது. உறை இருக்கிறது.

ஆகவே தயாராகப் போனோம். வீட்டிலேயே வயிறு முட்டச் சாப்பிட்டோம். இவள் தன் அலுவலகத் தண்ணீர் பாட்டிலை நிரப்பினாள். நடுவில் பசித்தால் இருக்கட்டும் என்று ரொட்டியில் ஜாம் தடவிப் பொட்டலம் கட்டினாள். அங்கே எது கொடுத்தாலும் தொடுவதில்லை என்று வாசலில் செருப்பைப் போடும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். போருக்குப் போகிறவர்கள் இப்படித்தான் பார்த்துக்கொள்வார்கள் போல.

மரச்சாமான் கடைக்கு மேல் மாடி. பெரிய கூடம். வட்ட மேஜைகள். ஒவ்வொரு மேஜையிலும் ஒரு ஜோடி, எதிரே ஒரு ஆள். கடிகாரம் எங்கேயும் இல்லை. ஜன்னல் இருக்கவேண்டிய இடத்தில் கடல் ஓடுகிற திரை. குளிர் என்றால் நான் வேலை செய்கிற ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறைக் குளிர் தோற்றுப்போகும். நானாவது அங்கே மிஷினுக்காகக் குளிரூட்டுகிறேன். பாட்டு சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது, எதிரே இருப்பவர் பேசுவது கேட்கவேண்டுமென்றால் நாமே அவர் பக்கம் சாய வேண்டும். சாய்ந்தோம். மூலையில் ஒரு பித்தளை மணி. யாராவது கையெழுத்துப் போட்டால் அதை அடிக்கிறார்கள். எல்லோரும் கை தட்ட வேண்டும். நானும் ஒவ்வொரு முறையும் தட்டினேன். சும்மா இருந்தால் நன்றாக இருக்காதே.

எங்கள் எதிரே உட்கார்ந்தவரின் சட்டையில் 'மகிழ்ச்சி ஆலோசகர்' என்று எழுதியிருந்தது. முப்பத்தைந்து வயதிருக்கும். கண்ணுக்குக் கீழே கருவளையம். மகிழ்ச்சியைத் தவிர மற்ற எல்லாம் முகத்தில் இருந்தது. எங்கள் முன்னால் இரண்டு டம்ளர் தண்ணீரும் ஒரு தட்டுப் பிஸ்கட்டும் வைத்தார். நான் தட்டை ஒரு விரலால் அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் சிரித்துக்கொண்டே எங்கள் பக்கம் நகர்த்தினார். இப்படியே கொஞ்ச நேரம் நடந்தது.

"போன அஞ்சு வருஷத்துல குடும்பமா எங்கெல்லாம் போயிருக்கீங்க சார்?"

நான் இவளைப் பார்த்தேன்.

"இவரோட பெரியப்பா வீட்டுக்குப் போனோம்" என்றாள். "தொட்டி கழுவ."

அவர் அசரவில்லை. ஒரு வெள்ளைத் தாளை எடுத்துத் தலைகீழாக எழுத ஆரம்பித்தார். அவருக்குத் தலைகீழ், எங்களுக்கு நேர். எழுத்து முத்து முத்தாக விழுந்தது. அந்தத் திறமைக்காகவே ஏதாவது வாங்கலாம் போலிருந்தது. அக்கா, அவர் சொன்னதை எனக்குப் புரிந்த வரைக்கும் சொல்கிறேன் கேள். அவர்கள் அறையை விற்பதில்லை, வாரத்தையும் விற்பதில்லை, புள்ளி விற்கிறார்கள். நாம் ஒரு பெரிய தொகை கொடுத்தால் வருஷா வருஷம் நம் கணக்கில் கொஞ்சம் புள்ளி விழும். அந்தப் புள்ளியைக் கொடுத்து அவர்களுடைய விடுதி எதில் வேண்டுமானாலும் தங்கலாம், ஆனால் கடல் தெரிகிற அறைக்கு அதிகப் புள்ளி, சுவர் தெரிகிற அறைக்குக் குறைந்த புள்ளி, சனி ஞாயிறுக்கு இரண்டு மடங்கு, பள்ளிக்கூட விடுமுறைக்கு மூன்று மடங்கு, போதவில்லை என்றால் அடுத்த வருஷப் புள்ளியை இந்த வருஷமே கடன் வாங்கலாம், மிஞ்சினால் அடுத்த வருஷத்துக்குத் தள்ளலாம், தள்ளிய புள்ளியை மறுபடி தள்ள முடியாது, தள்ளாத புள்ளி செத்துப்போகும். நாம் போனாலும் போகாவிட்டாலும் பராமரிப்புக் கட்டணம் மட்டும் உயிரோடு இருக்கும். எங்கள் எக்ஸ்ரே அறையில் படத்தில் புள்ளி தெரிந்தால் டாக்டரைக் கூப்பிடுவோம். அதை அவரிடம் சொன்னேன். சிரித்தார். சிரித்துக்கொண்டே ஒரு தொகையை எழுதி அதைச் சுற்றி வட்டம் போட்டார். அந்தத் தொகைக்கு நான் இதுவரை எடுத்த அத்தனை படங்களையும் இன்னொரு முறை எடுக்க வேண்டும்.

"வருஷத்துல எப்ப சார் லீவு எடுப்பீங்க?"

"இவளுக்குக் கிடைக்கும்போது."

"மேடம்?"

"எனக்கு வெயில் காலத்துல லீவு கிடையாது, தண்ணி வராது. மழைக் காலத்துல லீவு கிடையாது, குழாய் உடையும்."

இவள் குடிநீர் அலுவலகத்தில் போனில் புகார் வாங்குகிறாள் என்பது அவருக்குத் தெரியாதல்லவா. கொஞ்சம் குழம்பினார்.

"நடுவுல மேடம்?"

"நடுவுல இவருக்கு லீவு கிடையாது."

"அப்ப புள்ளியச் சேர்த்து வைங்க. அடுத்த வருஷம் போலாம்."

"அடுத்த வருஷமும் மழை வரும்ல."

இந்த இடத்தில் நாங்கள் எழுந்து வந்திருக்கலாம். வந்திருந்தால் இந்தக் கடிதம் பாதி நீளம்தான் இருக்கும். ஆனால் அவர் கையிலிருந்த டேப்லெட் திரையில் ஒரு படத்தைக் காட்டினார்.

ஒரு அறை. ஒரு ஜன்னல். ஒரு கட்டில்.

கட்டிலில் வெள்ளை விரிப்பு. ஒரு சுருக்கம் இல்லை. ஓரம் நான்கு பக்கமும் கத்தி மாதிரி மடிக்கப்பட்டிருந்தது. யாரோ போட்ட இஸ்திரி. நீ போடாத இஸ்திரி.

நான் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எக்ஸ்ரே எடுக்கும்போது ஆட்களிடம் மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்வேன். எடுத்ததும் விடச் சொல்வேன். அன்றைக்கு எனக்கு விடுங்க என்று சொல்ல ஆளில்லை. உன்னைப் பற்றி அவரிடம் சொன்னேன். கடை, முழங்கால், ஞாயிற்றுக்கிழமை, எல்லாம். இவள் மேஜைக்குக் கீழே என் காலை மிதித்தாள். அவர் பேனாவை என் பக்கம் நீட்டினார். நான் வாங்கிக்கொண்டேன். ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை, அக்கா, ஒரு பிஸ்கட் கடிக்கவில்லை. இருந்தும் பேனா என் கையில் இருந்தது. மூடி திறந்திருந்தது.

அப்போது அவருக்கு இருமல் வந்தது.

சாதாரண இருமல் இல்லை. நெஞ்சுப் படம் எடுக்கிறவன், எனக்குத் தெரியும். காலையிலிருந்து விடாமல் பேசுகிறவனின் இருமல். மேஜையில் இரண்டு டம்ளர் தண்ணீர் இருக்கிறது. அவர் தொடவில்லை. "கெஸ்டுக்கு வெச்சது, நாங்க எடுக்கக் கூடாது" என்று இருமலுக்கு நடுவே சைகை காட்டினார். இவள் ஒன்றும் யோசிக்கவில்லை. தன் பாட்டிலைத் திறந்து அவர் கையில் கொடுத்தாள்.

"குடிங்க முதல்ல."

அவர் ஒரு முறை திரும்பி மேலாளர் எங்கே என்று பார்த்தார். பிறகு அண்ணாந்து குடித்தார். பாட்டில் காலி. இவள் ரொட்டிப் பொட்டலத்தையும் பிரித்து வைத்தாள். அதையும் சாப்பிட்டார், மேஜைக்குக் கீழே குனிந்து, பேனா தேடுகிற மாதிரி.

"காலையிலேர்ந்து நீங்க அஞ்சாவது ஜோடி மேடம்" என்றார். "இங்க எனக்கு யாரும் தண்ணி குடுத்தது இல்ல."

எனக்கு முதலில் பயம்தான் வந்தது. ஒட்டிக்கொண்டோமே, இனி எப்படி மறுப்பது என்று. அப்புறம்தான் மெல்ல விளங்கியது. யார் தண்ணீரை யார் குடித்தது என்று யோசித்துப் பார். என் முதுகு தானாக நிமிர்ந்தது. நம் வீட்டுச் சட்டம் முதல்முறையாக நம் பக்கம் நின்றது.

அவருக்கும் அந்தச் சட்டம் பொருந்தும் போல. வாயைத் துடைத்துக்கொண்டார். என் கையிலிருந்த பேனாவை மெதுவாக வாங்கி மூடியைப் போட்டார். குரலைத் தாழ்த்தி, "வீட்டுக்குப் போய் யோசிங்க சார்" என்றார்.

அந்தக் கூடத்தில் அந்த வாக்கியத்தை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பாட்டுச் சத்தத்தையும் மீறி அது மேலாளர் காதில் விழுந்துவிட்டது. வந்துவிட்டார். கோட்டு, வாசனை, பல். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுத் திருப்பி உட்கார்ந்தார். தொகையை அடித்துவிட்டுப் பாதியாக்கினார். இன்றைக்கு மட்டும் என்றார். இந்த மேஜைக்கு மட்டும் என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் சரி என்று வரும் என்று எனக்குத் தெரியும். அவர் இவள் பக்கம் திரும்பினார். அங்கேதான் அவர் செய்த தப்பு.

"மேடம், சொல்லுங்க, உங்களுக்கு என்ன தயக்கம்?"

இவள் தலையைக் கொஞ்சம் சாய்த்தாள். காதில் போன் இல்லை, ஆனால் இருக்கிற மாதிரியே சாய்த்தாள். வேலைக் குரல் வந்தது.

"உங்க கோரிக்கை பதிவு செய்யப்பட்டது சார். சம்பந்தப்பட்ட பிரிவுக்கு அனுப்பப்படும்."

"எந்தப் பிரிவு மேடம்? முடிவெடுக்கறது நீங்க ரெண்டு பேரும்தானே?"

"அது குறித்த தகவல் தற்போது என்னிடம் இல்லை சார்."

"இந்த விலை நாளைக்குக் கிடையாது மேடம்."

"உங்க சிரமத்துக்கு வருந்துகிறோம்."

"நான் என் மேலதிகாரிகிட்ட பேசி இன்னும் குறைக்கட்டுமா?"

"தாராளமா சார். அவரோட கோரிக்கையையும் தனியா பதிவு செய்யணும்."

மேலாளர் கழுத்துப்பட்டையைத் தளர்த்தினார். இவளை உற்றுப் பார்த்தார். எங்கேயோ கேட்ட குரல் என்று அவர் முகத்தில் ஓடியது. எனக்குத் தெரிந்துவிட்டது. நாள் முழுக்க ஜனங்கள் இவளைத் திட்டுகிறார்கள் அக்கா. தண்ணீர் இல்லாதவன் எப்படித் திட்டுவான் என்று உனக்குத் தெரியும். அதையெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு சாயங்காலம் வீட்டுக்கு வந்து எனக்கு ரொட்டி சுடுகிறவளிடம் இந்த மனுஷர் ஒரு தள்ளுபடியை வைத்துக்கொண்டு மோதுகிறார்.

"மேடம்... நீங்க குடிநீர் ஆபீசா?"

"ஆமா சார்."

கூடம் முழுக்கக் கடல் ஓடிக்கொண்டிருந்தது. மேலாளர் நாற்காலியை நேராகத் திருப்பிப் போட்டு ஒழுங்காக உட்கார்ந்தார்.

"எங்க தெருவுல ஒரு வாரமா கலங்கலா வருது மேடம். நான் எத்தனையோ தடவை போன் பண்ணிட்டேன்."

"தெருப் பேர் சொல்லுங்க சார்."

சொன்னார். வீட்டு எண் சொன்னார். மாடியா கீழ்த்தளமா என்று கேட்டதற்கும் பதில் சொன்னார். ஆலோசகர் வைத்திருந்த அதே தாளில், வட்டம் போட்ட தொகைக்குக் கீழே, இவள் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டாள். மேலாளர் எழுந்து இவளுக்கு நன்றி சொன்னார். அக்கா, அவர் நன்றி சொன்னார். மணியடிக்கிறவன் ஏதோ விற்றுவிட்டது என்று நினைத்து மணியை அடித்தான். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். அன்றைக்கு மனதாரத் தட்டியது அந்த ஒரு முறைதான்.

பரிசுச் சீட்டைப் பற்றி நீ கேட்பாய். வெளியே போகிற வழியில் கடைசி மேஜையில் கொடுத்தார்கள். உறையைப் பிரித்தேன். சீட்டு யார் பெயரில் இருக்கிறதோ அவர்கள்தான் போகவேண்டும். அக்காவுக்குக் கொடுக்க முடியாது. எங்கள் இருவருக்கும் சேர்ந்து லீவு கிடைக்கிற நாள் காலண்டரில் இல்லை என்று முன்னாலேயே சொல்லிவிட்டேன். உறையை அந்த மேஜையிலேயே வைத்துவிட்டு வந்தோம். அந்த ஒன்று மட்டும் கொஞ்சம் உறுத்தியது.

ஆலோசகர் படிக்கட்டு வரைக்கும் வந்து வழியனுப்பினார். நல்ல மனிதர். நாமெல்லாம் கிளம்பும்போது சும்மா கிளம்ப மாட்டோமே. வழக்கம்போல, "ஒருநாள் குடும்பத்தோட வீட்டுக்கு வாங்க" என்றேன். இவளும், "கண்டிப்பா வரணும்" என்றாள். பாவம், மரியாதை தெரிந்தவர், எங்கள் முகவரியைக்கூடக் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

தெருவில் இறங்கினோம். வெயில். குழாயடியில் நின்று இருவரும் வயிறு நிறையத் தண்ணீர் குடித்தோம். யாரும் கொடுக்காத தண்ணீர். இவள் சிரிக்க ஆரம்பித்தாள். எனக்கும் தொற்றிக்கொண்டது. மரச்சாமான் கடை வாசலில் ஒரு ஆள் எங்களைப் பார்த்து, சோபா பார்க்கிறீர்களா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். வந்துவிட்டது அக்கா, அந்த வார்த்தை. எச்சில் விழுங்காமல் வந்தது. நடந்துபோகும்போது இன்னும் இரண்டு கடையில் எதுவும் தேவையில்லாமல் உள்ளே போய் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இப்போது முக்கிய விஷயத்துக்கு வருகிறேன். உன் ஒரு வாரம்.

புள்ளியும் வேண்டாம் கிள்ளியும் வேண்டாம். புள்ளியை வைத்து இந்த உலகத்தில் ஒருவரும் நிம்மதியாகத் தூங்கியதில்லை, தூங்கப் போவதும் இல்லை. அதை என்னைவிடத் தெளிவாகப் படம் பிடித்தவன் கிடையாது. எங்கள் பின்னறையை உனக்காக ஒழித்து வைத்திருக்கிறோம். கார் உறை பரணுக்குப் போய்விட்டது. ஜன்னலுக்குப் புதுத் திரை. ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி தெரியும், கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் கடல் மாதிரி இருக்கும். கட்டிலுக்கு வெள்ளை விரிப்பு வாங்கி இங்கே இருக்கிற ஒரு சலவைக் கடையில் கொடுத்து இஸ்திரி போட்டு விரித்திருக்கிறேன். மடிப்பு உன் அளவுக்கு வராது. எடுத்துத் திருத்தக் கூடாது. சமையலறைப் பக்கம் வரக் கூடாது. எங்கள் சட்டைகளை முகர்ந்து பார்க்கக் கூடாது. கடைக்கதவில் 'ஒரு வாரம் விடுமுறை' என்று ஒரு அட்டையை மாட்டிவிட்டு மாமாவோடு பஸ் ஏறு. நீலச் சட்டைக்காரர் ஒரு வாரம் வேறு நிறத்தில் போகட்டும். இந்த அறை உனக்குத்தான். யார் வந்து கேட்டாலும் கிடையாது. விடுமுறை விற்கிற எவரும் இனி எங்கள் வாசல்படியைக்கூடத் தாண்ட முடியாது. நாங்கள் மாறிவிட்டோம்.

மாமாவுக்கு என் வணக்கம். மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடச் சொல். இவள் தன் அன்பைப் பதிவு செய்யச் சொல்கிறாள். எங்கள் இருவர் தலையிலும் உன் கையை வைத்து வாழ்த்து, முழங்காலில் வெந்நீர்ப் பையைப் பிடித்துக்கொள்ளாத கையை.

என்றும் உன் அன்புத் தம்பி,
வெற்றியுடன்.

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போட்டு ஒட்டப் போகும்போது வாசல் மணி அடித்தது. ஆலோசகர். பக்கத்தில் அவர் மனைவி, அவர்கள் மகள், இரண்டு பெரிய பெட்டிகள்.

"வரச் சொன்னீங்களே சார்" என்றார்.

எட்டு வருஷமாக விடுமுறை விற்கிறாராம். இதுவரை ஒன்றைக்கூட நிம்மதியாக எடுத்ததில்லையாம். ஒரே ஒரு முறை தங்கள் விடுதிக்கே போயிருக்கிறார். காலைச் சாப்பாட்டின்போது பக்கத்து மேஜைக்காரரிடம் வாய் தானாகப் புள்ளியைப் பற்றி ஆரம்பித்துவிட்டதாம். சாயங்காலத்துக்குள் இரண்டு பேரைச் சேர்த்துவிட்டார்.  "யாருக்கும் எதையும் விக்காம ஒரு வாரம் எங்கயாவது இருக்கணும் சார்" என்றார். நீ சொன்ன அதே குரலில் சொன்னார், அக்கா. பின்னறைக் கதவைத் திறந்துவிட்டேன். உன் விரிப்பில் விழுந்தவர்தான். ஒரு பகல் முழுக்க எழவில்லை. இவள் அவ்வப்போது போய் மூச்சு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தாள்.

மறுநாள் எழுந்ததும், இந்த அறையை யாருக்காக இப்படி வைத்திருந்தீர்கள் என்று கேட்டார். எனக்குப் பொய் வராது. சொன்னேன். அவர் போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனார். அந்த நேரத்தில் அவர் மனைவி எங்கள் சமையலறையில் எங்கள் பாலில் காப்பி போட்டு எங்களுக்கே கொடுத்தார். யோசிக்காமல் குடித்துவிட்டோம். அதுதான் தப்பு. அவர் இறங்கி வந்து சொன்னார்: ஊழியர் கணக்கில் அவருக்கு ஏராளமான புள்ளி கிடக்கிறது, இந்த மாதக் கடைசியில் செத்துப்போகும், கூடப் பிறந்தவர்களுக்குக் கொடுக்கலாம். உன்னை அவருடைய அக்கா என்று எழுதிவிட்டார். கடல் தெரிகிற அறை. ஒரு வாரம். உனக்கும் மாமாவுக்கும். "வேண்டாம்னு சொல்லாதீங்க சார்" என்றார். காப்பி டம்ளர் என் கையில் இருந்தது. எப்படிச் சொல்வது.

எனவே மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடு. இங்கே வராதே. அங்கே போ. விவரம் இதோடு இருக்கிறது. உறங்கு. யாரோ இஸ்திரி போட்ட விரிப்பு, ஒரு சுருக்கம் இருக்காது, படத்தில் பார்த்தேன்.

ஒன்று மட்டும். முதல் நாள் காலையில் சிரித்த முகத்தோடு ஒருவர் வந்து, சும்மா ஒன்றரை மணி நேரம் பேசலாமா என்று கூப்பிடுவார். கையில் உன் பாட்டிலோடு போ. அவர் தருகிற எதையும் குடிக்காதே. அவருக்கு இருமல் வந்தால் திரும்பிக்கொள். எல்லாவற்றுக்கும் மேலாக, கிளம்பும்போது அவரைக் குடும்பத்தோடு வீட்டுக்கு வரச் சொல்லாதே.

சொல்லிவிடுவாய். தெரியும். கடை மேல் அறையையாவது பெருக்கி வைத்துவிட்டுப் போ.